பேரில்லாக் கூறு

சிவப்புக்கல் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் கறி வேக மறுத்த புதன்கிழமையன்று லைன் வீட்டுக்காரர்கள் முதலில் விறகைத் திட்டினார்கள், விறகு காய்ந்துதான் இருந்தது என்று தெரிந்ததும் குக்கரைத் திட்டினார்கள், குக்கர் இல்லாத வீடுகளிலும் வேகவில்லை என்று தெரிந்ததும் மாட்டைத் திட்டினார்கள், செத்த மாடு திட்டுக்கு என்ன பதில் சொல்லும், அது பாட்டுக்கு எல்லார் சட்டியிலும் அப்போதுதான் வெட்டிப் போட்டது போலச் சிவப்பாகக் கிடந்தது. அருளாயி மட்டும் யாரையும் திட்டவில்லை. தன் வீட்டு டேக்சாவின் மூடியைத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடினாள், மூடிமேல் இன்னும் கொஞ்சம் நெருப்புக் கங்கை அள்ளிப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். கறி ஏன் வேகவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

அந்த மலையில் கறிக்கடை கிடையாது. பால் வற்றிய மாடு ஏதாவது விலைக்கு வந்தால் லைன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்து, குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால் வெட்டி, இலை போட்டுக் கூறு வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். கூறு போடுகிறவன் அருளாயியின் புருஷன் இன்னாசி. அவனுக்குத் தராசு வேண்டாம், கண் போதும். கொழுப்பில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், குடலில் கொஞ்சம் என்று அவன் வைத்த கூறுகளில் எது பெரிது எது சிறிது என்று மாமியார்களாலேயே குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒன்றாக எல்லாக் கூறும் போட்டு முடித்த பிறகு வரிசையின் கடைசியில் ஒரு கூறு அதிகமாகப் போடுவான். அது யார் வீட்டுக்கும் இல்லை. அதற்குப் பேரில்லாக் கூறு என்று பேர்.

மலையில் முதன்முதலாக வேலைக்கு ஏறிவந்த ஆட்கள், காய்ச்சலில் பின்தங்கிய ஒரு பெண்ணைக் காட்டுப்பாதையில் உட்காரவைத்துவிட்டு, இதோ வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார்களாம். மேலே வந்ததும் கறி கிடைத்ததாம், பசியில் அடித்துப் பிடித்துத் தின்றார்களாம், தின்றுமுடித்து ஏப்பம் விட்டபோதுதான் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று ஒருவனுக்கு ஞாபகம் வந்ததாம், கூப்பிடலாமென்று பாதைமுனையில் போய் நின்றால் அவள் பேர் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். அன்றிலிருந்து எந்த மாடு விழுந்தாலும் பின்னால் வருகிறவளுக்கு ஒரு கூறு. தொடையில் எலும்பில்லாத ஒரு முழுத்துண்டு, அதன்மேல் சுவரொட்டி என்கிற மண்ணீரல். அந்தி சாய இலையோடு பாதைமுனையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். விடிந்தால் இலை காலியாக இருக்கும். நரி தின்றிருக்கும், நாய் தின்றிருக்கும், அதையெல்லாம் நின்று பார்க்க யாருக்கு ஆசை.

அந்தப் புதன்கிழமை பேரில்லாக் கூறு பாதைமுனைக்குப் போகவில்லை. அது அருளாயியின் டேக்சாவுக்குள் இருந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் மகள் பிலோமி குடல்காய்ச்சலில் விழுந்து எழுந்தவள், காய்ச்சல் விட்டும் சோறு இறங்காமல், கண்ணும் நகமும் வெளுத்து, இடுப்பில் தூக்கினால் நனைந்த துணி அளவுக்குக்கூடக் கனமில்லாமல் கிடந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது துரை பங்களாவின் சமையல்கட்டிலிருந்து ஒரு வாசம் வந்தது, மிளகும் வெங்காயமும் கொழுப்பும் சேர்ந்து முறுகும் வாசம், அம்மாவின் தோளில் துவண்டு கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி, "அம்மா, எனக்கு அது வேணும்" என்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் வேணும் என்று சொன்ன முதல் சொல் அது. பெற்ற மனசு எப்படி இருக்கும்! அருளாயி அப்படியே பங்களாவின் பின்வாசலுக்குப் போய் சமையல்காரர் தொம்மையிடம் கேட்டாள். அது மாட்டு ரோஸ்ட், உருளைக்கிழங்கும் காய்களும் போட்டது, முழுத் துண்டாக இருந்தால்தான் வரும், கண்டதுண்டமாக இருந்தால் அது குழம்பு, ரோஸ்ட் இல்லை என்று அவர் ஜன்னல் வழியாகவே செய்முறையைச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக் கூறில் முழுத்துண்டு ஏது? மாடு பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவள் இன்னாசியிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்தத் தடவ மட்டும் அந்தக் கூறை நம்ம எடுத்துக்குவமா?"

"எந்தக் கூறை?"

"அதாங்க, கடசிக் கூறு."

இன்னாசி கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினான். "யாரு கூறுன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். செத்தவளுக்கு இத்தன வருசமா வெச்சாச்சு. உசுரோட இருக்குறவ ஒருத்தி பருக்கை எறங்காமக் கெடக்கா. அவளுக்கு ஒரே ஒரு தடவ வெச்சா மலையா சரிஞ்சிரும்?"

அவன் மறுபடி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான். மறுநாள் தன் கூறுக்கு அடியில் அதையும் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தான். பாதைமுனையில் வெறும் இலையை மட்டும் வைத்துவிட்டு வந்தான், விடிந்தபோது அது வழக்கம்போலக் காலியாகத்தான் இருந்தது, லைனில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே, ஃபேக்டரிச் சங்கு ஊதி, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்ததும் அருளாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலில் இறங்கினாள். முதலில் சுவரொட்டியைக் கங்கில் சுட்டு உப்பும் மிளகும் தூவிப் பிலோமியிடம் கொடுத்தாள், ரத்தம் ஊறும் என்று எல்லோரும் சொல்வதுதான், பிள்ளை ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு விரலைச் சூப்பினாள். பிறகு தொடைத்துண்டை முள்கரண்டியால் சுற்றிலும் குத்தி, இஞ்சி பூண்டு அரைத்தது, மிளகு, உப்பு, வினிகர் எல்லாம் சேர்த்துத் தடவி ஊறவைத்து, கொழுப்பு காய்ந்த டேக்சாவில் நான்கு பக்கமும் புரட்டி முறுகவிட்டு, முழு வெங்காயமும் பட்டையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, வீட்டுக்குப் பின்னால் விளைந்த உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் சுற்றிவர அடுக்கி மூடினாள். கிழங்கு வெந்தது. கேரட் வெந்தது. கறி மட்டும், முறுகவிட்ட பொன்னிறம்கூடப் போய், காய்ச்சல்காரரின் உடம்புபோலச் சூடாக, பச்சையாகக் கிடந்தது. அந்த மாட்டில் அன்று வெந்தது பிலோமி தின்ற சுவரொட்டி மட்டும்தான்.

ஆனால் அந்தக் கிழங்கு! வெறும் கிழங்கையும் சாற்றையும் பிலோமிக்குப் போட்டாள், பிள்ளை தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டாள். அருளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் போட்டாள். அவளுக்கு அப்போது பயத்தைவிட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் அந்தியில் பக்கத்து வீட்டு ராக்கம்மா தன் சட்டியோடு வந்துவிட்டாள். லைனில் எந்த வீட்டில் தாளித்தாலும் ராக்கம்மாவின் மூக்கு முதலில் போய்ச் சேரும், ஆள் பின்னால் போவாள்.

"ஏ அருளாயி, ஒன் சட்டியில கெழங்காச்சும் வெந்துச்சாமே. எங்க கறியையும் அதுல போடு, என்னதான் ஆகுதுன்னு பாப்போம்."

"வேண்டாங்க்கா. எங்களுதே வேகல."

"வாசம் எங்க வீட்டுப் பாய் வரைக்கும் வந்துச்சுடி. நீ மட்டும் தின்னா ஒனக்குத்தான் வயிறு வலிக்கும்."

சொல்லிக்கொண்டே அவள் சட்டியைக் கவிழ்த்தாள். விழுந்த துண்டுகள் டேக்சாவில் ஒரு சுற்றுச் சுற்றி, தொடைத்துண்டோடு போய் உரசி, வெட்டின தடம்கூடத் தெரியாமல் ஒட்டிக்கொண்டன. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராக்கம்மா கரண்டியால் சாற்றைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"ஒட்டிக்கிச்சு" என்றாள். "உப்பு ஒரு கல்லு கம்மி."

அவ்வளவுதான், ஊர் வந்துவிட்டது. வேகாத கறியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கொண்டுவந்து போட்டார்கள், உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் தொங்கவிட்டவர்கள் கொடியோடு கொண்டுவந்தார்கள், டேக்சா போதாமல் கோயில் திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சும் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து காப்பகத்துச் சமையல்கட்டில் ஏற்றினார்கள். சங்கு ஊதியதும் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மடியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் நூல்கோலும் பட்டாணியும் கட்டிக்கொண்டு வந்து அண்டாவில் கொட்டுவார்கள், இருட்டுவதற்குள் காய் வெந்துவிடும், சாறு எவ்வளவு அள்ளினாலும் அளவு குறையாது, ஆளுக்கு ஒரு தட்டில் வாங்கித் தின்றுவிட்டு மீதியைக் காலைக்கு எடுத்துப்போவார்கள். வாரநாள் ராத்திரிச் சோறு என்றால் ரசமும் அப்பளமும் என்றிருந்த லைனில் முகமெல்லாம் பளபளத்தது. சாராயக்கடைக்குப் போகிறவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். இதெல்லாம் சரிதானா என்று பார்த்துவர பங்குச்சாமியார் அனுப்பிய உபதேசியார் அண்டாவுக்கு முன்னால் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஒரு தட்டு தின்று, இன்னொரு தட்டும் தின்று, உருளைக்கிழங்குக்கு விரோதமாக வேதத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அருளாயியும் தின்றாள். ஆனால் அவள் தின்னும்போது அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பாள். தொடை இடுப்போடு சேர்ந்துவிட்டது, இடுப்பு முதுகோடு சேர்ந்துவிட்டது, காய்களுக்கு நடுவில் விலா ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு வந்தது. பிலோமியோ கன்னத்தில் சிவப்பேறி, காப்பகத்து வாசலில் மற்ற பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினாள். பிள்ளை பிழைத்தது போதும், மற்றது எது எப்படிப் போனால் என்ன என்று அவள் தன்னையே அதட்டிக்கொள்வாள்.

நாய்கள் அங்கங்கே புதைத்து வைத்திருந்த எலும்புகளைத் தோண்டிக் கவ்விக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் போட்டுவிட்டு வாலை ஒடுக்கிக்கொண்டு போயின. தலையை வாங்கிப்போன மேஸ்திரி அதைக் கூடையில் மூடிக் கொண்டுவந்து, யாரிடமும் முகம் கொடுக்காமல் அண்டாவில் இறக்கினார். கீழே ஊரில் தோல் வாங்குகிறவர் வேனை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். "உப்பு பிடிக்க மாட்டேங்குது தாயி" என்றார். "சுருட்டி மூலையில வெச்சா, நான் படுத்ததும் பக்கத்துல வந்து படுக்குது. சூடா வேற இருக்கு. காசு வேண்டாம், எடுத்துக்கங்க." பாவம், தூங்கி வெகுநாள் ஆன முகம், தோலையும் வாங்கி அண்டாவில் இறக்கினார்கள்.

அடுத்த அந்தியில் மழை. பெண்கள் மடியில் காயோடு போய்க் கதவைத் திறந்தபோது அண்டா கவிழ்ந்து கிடந்தது, அதன் பக்கத்தில் செவலை மாடு எழுந்து நின்றுகொண்டிருந்தது, உடம்பெல்லாம் மிளகும் பட்டையும் மணக்க, நெற்றியில் ஒரு கேரட் வில்லை ஒட்டியிருக்க, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"அடி ஆத்தி" என்று ராக்கம்மா தலையில் கைவைத்தாள். "சாறெல்லாம் கொட்டிப்போச்சே!"

வெட்டின மாடு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எஸ்டேட்டில் யாருக்கும் பழக்கமில்லை, இருந்தாலும் மறுபடியும் வெட்டலாமே என்ற யோசனை வர ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்துவிட்டு மாட்டைக் காப்பகத்துத் தூணில் கட்டினார்கள். அது புல் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கத்தவும் இல்லை. இடதுபக்க விலாவுக்குக் கீழே கைமுட்டி நுழையும் அளவுக்கு ஒரு குழி மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் அருளாயி திரும்பிப் பிலோமி எங்கே என்று தேடினாள், ஏனென்றால் சுவரொட்டி இருக்கும் இடம் அதுதான்.

அன்றிலிருந்து பிலோமி போகும் திசையில் மாட்டின் தலை திரும்பியது. அவள் காப்பகத்துக்குள் ஓடினால் உள்ளே பார்க்கும், வாசலுக்கு வந்தால் வாசலைப் பார்க்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அருளாயி கதவைத் திறந்தால் மாடு வாசலில் நிற்கும். கயிறு அறுந்திருக்காது, தூணில் முடிச்சு முடிச்சாகவே இருக்கும், மாடு மட்டும் இங்கே நிற்கும். முட்டாது, மிரட்டாது. சூடான மூச்சைக் கதவில் விட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பார்த்துப் பார்த்து லைன்காரர்கள் அதற்கும் பழகிவிட்டார்கள், மாடு நிற்கிறது ஓரமாகப் போ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தாங்களும் ஓரமாகப் போனார்கள்.

பிறகு பேர் போக ஆரம்பித்தது. முதலில் காப்பகத்து ஆயா 'அந்தப் பாப்பா' என்றாள். ராக்கம்மா 'ஒம் மக' என்றாள். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் எல்லாப் பேரையும் சொல்லிக் கத்திவிட்டு, இவள் முறை வந்தால் வாயைத் திறந்தபடி நின்றார்கள், அப்புறம் இவளைச் சேர்க்காமலே விளையாடினார்கள். இன்னாசி வேலையிலிருந்து வந்து, "புள்ள தின்னுச்சா?" என்று கேட்டான், எந்நாளும் பேர் சொல்லிக் கொஞ்சிக்கொண்டே படியேறுகிறவன். அருளாயி மட்டும் விடாமல், கொழுந்து கிள்ளும்போதும் தண்ணீர் தூக்கும்போதும் அந்தப் பேரையே வாய்க்குள் மென்றுகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தவள் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நாக்கு தேடியது, ஞானஸ்நானத்தன்று போட்ட வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது, மெழுகுவத்தி ஞாபகம் வந்தது, பேர் வரவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வாயிலும் இந்த இடத்துக்குமேல் அந்தப் பேர் நிற்பதில்லை.

"ஏங்க" என்று இன்னாசியைப் பிடித்து உலுக்கினாள். "நம்ம புள்ள பேரு என்னங்க?"

இன்னாசி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "ரெண்டு நாளாத் தேடுறேன் அருளாயி. ஒன்கிட்ட இருக்கும்னு நெனச்சேன்."

அப்புறம் எதை மறைத்து என்ன. அவள் வாசலில் நின்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் லைன்காரர்களிடம் சொன்னாள், கூறு எடுத்ததை, வெறும் இலை வைத்ததை, சுவரொட்டி சுட்டதை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. "சரி விடு, புதங்கெழம கூறு போடும்போது சரிபண்ணிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்கள். அன்று முதல் பிள்ளைக்கு ஒரே உபசாரம், ஒருத்தி மிட்டாய் கொண்டுவந்தாள், ஒருத்தி தன் மகளின் புதுப்பாவாடையைக் கொண்டுவந்தாள், புதன்கிழமை மத்தியானம் ராக்கம்மா பிள்ளையை முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தடவிச் சடை பின்னிக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். கெடாவுக்கு மாலை போடுகிறவர்கள் கையில் வரும் நிதானம் அவள் கையில் இருந்தது. அருளாயி அதைப் பார்த்தாள், பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று நினைத்தாள், மலையை விட்டு இறங்க அந்த ஒரு பாதைதான் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

காப்பகத்துக்குப் பின்னால் இலைகளை வரிசையாகப் போட்டார்கள். இந்த முறை வரிசையின் கடைசி இலையை எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். இன்னாசி கத்தியை இறக்கினான், அது தண்ணீருக்குள் போவதுபோலப் போய் வெளியே வந்தது, வெட்டின இடம் மூடிக்கொண்டது, மாடு விழவில்லை. அவன் மறுபடி வெட்டினான், மறுபடி மூடிக்கொண்டது. மாடு பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கடசிக் கூறை வாங்க ஆளில்லாம அது விழாது" என்றாள் ராக்கம்மா. "பேரில்லாதவ பங்கைப் பேருள்ளவ தின்னுட்டா. அதான் பேரு போச்சு. இப்ப அந்தக் கூறு இவளுக்குத்தான்."

"அக்கா, நீங்க தூக்கி வளத்த புள்ளக்கா."

"நாங்க என்ன கொல்லவா போறோம்? பாதமொனையில ஒக்கார வெச்சிட்டு வந்துருவோம். இதோ வந்து கூட்டிப்போறோம்னு சொன்னா அழாம இருக்கும்." அதைச் சொல்லும்போது ராக்கம்மாவுக்கே கண் கலங்கியது, ஆனால் கலங்கின கண்ணோடு அவள் மற்றவர்களைப் பார்க்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

யாரும் சொல்லாமலே பிள்ளை நடந்துபோய்க் கடைசி இலையில் உட்கார்ந்தாள். பாவாடையைச் சுற்றிலும் பரப்பிவிட்டுக்கொண்டு, தலையில் பூவோடு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

அருளாயி ஓடிப்போய் முழங்கால் போட்டாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க, ஒரே ஒருத்தர் எம் புள்ள பேரச் சொல்லுங்க" என்று கேட்டாள். மழைக்காற்று மட்டும் இலைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இன்னாசி கத்தியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்கு அப்போது ஒன்று விளங்கியது. கூறு கேட்பது கறியை இல்லை, பிள்ளையையும் இல்லை. தன்னைத் தின்ன, பேரில்லாத ஒரு வாயைக் கேட்கிறது. அது யார் வாயாக இருந்தால் அதற்கு என்ன.

பிள்ளையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டாள். தொட்டிலில் போடும் நாளில் செய்வதுபோல வாயைக் காதோடு வைத்து, "ஒம் பேரு அருளாயி" என்றாள். இன்னொரு முறை, "ஒம் பேரு அருளாயி." மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது அது என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை, காதில் விழுந்த ஞாபகத்தை வைத்துத் தட்டுத்தடுமாறிச் சொல்லிமுடித்தாள். மாடு முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, சாதுவாகப் படுத்துத் தலையைச் சாய்த்தது.

அதன்பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தது. இன்னாசி கண்ணாலேயே அளந்து கூறு போட்டான், வீட்டுக்கு ஒரு கூறு, கடைசி இலையில் தொடைத்துண்டும் சுவரொட்டியும். அருளாயி அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கடைசி இலையை எட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள், கூட்டம் கலையும்போது அவளை யாரும் இடிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை, அவளும் எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் பாதைமுனைப் பக்கமாக நடந்துபோனாள். பின்னால் வருகிறவளுக்கு இத்தனை காலம் பச்சைக்கறி வைத்ததுதான் தப்பு, இனிமேல் சமைத்து வைப்போம் என்று லைனில் ஒருமனதாக முடிவானது. தாயில்லாத வீடு என்று பாராமல் இன்னாசியே முன்வந்து, தொடைத்துண்டை முள்கரண்டியால் குத்தி, மிளகும் வினிகரும் தடவி, டேக்சாவில் புரட்டிக் கிழங்கும் கேரட்டும் அடுக்கி ஏற்றினான். இந்த வேலையை எங்கே கற்றோம் என்று யோசித்துக்கொண்டே செய்தான். கறி பஞ்சாக வெந்தது.

வெளிச்சம் போவதற்குள் அருளாயி இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பாதைமுனைக்கு வந்தாள். இலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார், ஆனால் கல்லின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இந்தாங்க. எங்கப்பா குடுக்கச் சொன்னாரு."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். சூடு கையில் ஏறியது. "நீ தின்னியா கண்ணு?"

"தின்னுட்டேன். இன்னும் நெறய இருக்கு."

"வயிறு நெறஞ்சுச்சா?"

"ம்."

"ஒம் பேரு என்ன?"

"அருளாயி" என்று பிள்ளை சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு அந்தப் பேரை எங்கேயோ கேட்டதுபோல இருந்தது, நல்ல பேர், பிள்ளைக்குப் பொருத்தமான பேர். மேலே வீட்டு வாசலிலிருந்து, "அருளாயி! இருட்டுதுல்ல, வந்துரு!" என்று ஒரு ஆள் கூப்பிட்டான், அந்தப் பெண் ஏனோ எழுந்துவிட்டாள், "இந்தா வர்றேன்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். "இந்தா வர்றேன்ப்பா!" என்று பிள்ளை சத்தமாகச் சொல்லிவிட்டுத் தலைப்பூ ஆட ஆட மேட்டில் ஏறி ஓடினாள். அந்தப் பெண் மறுபடி கல்லில் உட்கார்ந்து, கிழங்கைப் பிட்டுச் சாற்றில் தோய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். பசி அப்படி இருந்தது. எவ்வளவு தூரம் நடந்து வந்த பசி என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.